பயணத்தை முடிவு செய்யுமுன் உடன் வருவோரின் வயதைக் கேளுங்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் வீடு வந்து சேரும் தை, மாசி மாதங்களில் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. இரத்த அழுத்தம் பார்த்து, மருந்துச் சீட்டு எழுதி முடித்த பின்னும் நோயாளி எழாமல் உட்கார்ந்திருப்பார். உடன் வந்த மகளோ மருமகளோ நான்காக மடித்த நோட்டீசு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார். “அம்மா ராமேசுவரம் போகணும்னு ஆசைப்படுறாங்க, போகலாங்களா டாக்டர்?” காசி, ஆறுபடை வீடு, வேளாங்கண்ணி, நவக்கிரகத் தலங்கள் என்று இடம் மாறும். கேள்வி மாறுவதில்லை.

அந்த நோட்டீசில் தரிசிக்கும் தலங்களின் பட்டியல் இருக்கும். எத்தனை நாள், கட்டணம் எவ்வளவு, மூன்று வேளையும் உணவு உண்டா, பேருந்தில் குளிர்சாதன வசதி உண்டா என்பனவும் இருக்கும். உடன் வருவோர் யார், அவர்கள் எந்த வயதினர் என்பது மட்டும் அச்சிடப்படுவதில்லை. நோயுற்ற ஒருவர் அந்தப் பயணத்தை நலமாக முடித்து வருவாரா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அதுவே என்று நாங்கள் கருதுகிறோம். ஒரு குழு எப்போது நிற்கும், எப்போது உண்ணும், எவ்வளவு வேகமாக நடக்கும், இரவில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் எவர் கண்ணில் படும், எந்தத் தொற்று யாரிடமிருந்து யாருக்குப் பரவும் ஆகிய அனைத்தும் குழுவினரின் வயதைப் பொறுத்தவை.

நாங்கள் பெரும்பாலும் ‘போகலாம்’ என்றே சொல்கிறோம். பல ஆண்டுகளாகக் காத்திருந்த பயணத்தை ஒரே சொல்லில் மறுத்துவிடுவது மருத்துவம் ஆகாது. ஆயினும் ‘யாருடன் போகிறீர்கள்?’ என்று கேட்டறிந்த பின்னரே அவ்வாறு சொல்கிறோம்.

குழுவின் வேகம் யாருடைய வேகம்?

இளைஞர்கள் மிகுந்த ஒரு வேனை முதலில் எண்ணிப் பாருங்கள். இரவு பத்து மணிக்குப் பெரம்பலூரில் புறப்பட்டு, விடியற்காலையில் தலத்தைச் சேர்ந்து, நீராடி, தரிசனம் முடித்து, அதன்பின் காலை உணவு என்பது அவர்களுக்கு எளிய திட்டம். இருபத்தைந்து வயதினருக்கு இதில் குறையொன்றும் இல்லை. அதே வேனில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்ணும் அறுபத்தைந்து வயது அம்மையார் ஒருவர் இருந்தால் நிலைமை வேறு. உணவுக்கு முன் உண்ண வேண்டிய மாத்திரையை வழக்கப்படி காலை ஏழரை மணிக்கு உண்டுவிடுவார். உணவு பதினொரு மணிக்குத்தான் கிடைக்கும். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரைகள் உணவுக்காகக் காத்திருப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை தாழத் தொடங்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பிறகு பேச்சுக் குழறல், மயக்கம் என்று அது முற்றும்.

முதியோரிடம் இந்த அறிகுறிகள் பல வேளைகளில் தெளிவாகத் தெரிவதில்லை. சோர்ந்து சாய்ந்திருப்பதாகவே தோன்றும். “பாட்டி அசந்து தூங்குறாங்க” என்று இளைஞர்கள் நல்லெண்ணத்துடன் போர்வையை இழுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். சர்க்கரை நோயுடன் வாழ்ந்து பழகிய ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அருகில் இருந்தால் தட்டி எழுப்பி, பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது பலரும் வாய் திறந்து சொல்லத் தயங்கும் செய்தி. இரத்த அழுத்தத்துக்கும் இதயத் தளர்ச்சிக்கும் சிறுநீரை மிகுவிக்கும் மாத்திரைகள் தரப்படுகின்றன. அவற்றை உண்பவர் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை செல்ல நேரும். புரோஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களுக்கும், பல பிள்ளைகளைப் பெற்ற பெண்களுக்கும் மாத்திரை இல்லாமலேயே அந்நிலை உண்டு. இளைஞர்கள் நிறைந்த வண்டி நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்றால் போதும் என்று கருதும். ‘நிறுத்துங்கள்’ என்று இரண்டு முறை சொல்லலாம். மூன்றாம் முறை சொல்லக் கூச்சமாக இருக்கும். எனவே நம் பெண்கள், குறிப்பாக மூத்த பெண்கள், தாங்களே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: பயண நாளில் மாத்திரையை விட்டுவிடுவது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. பயணம் முடிந்து கால் வீக்கத்துடனும் மூச்சுத் திணறலுடனும், அல்லது சிறுநீர்த் தொற்றுடனும் நீரிழப்புடனும் வருவோரிடம் பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் இந்தச் செய்தி வெளிவரும். மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. அதை உண்ணும் நேரத்தை மாற்றித் தர இயலுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒத்த வயதினர் நால்வர் வண்டியில் இருந்தாலே, நிறுத்தச் சொல்லும் கூச்சம் பாதியாகக் குறைந்துவிடுவதையும் நாங்கள் கேட்டறிந்திருக்கிறோம்.

நீண்ட நேரம் கால்களைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதும் கேடு விளைவிக்கும். நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் ஒரே இடத்தில் அமர்ந்து செல்லும் பயணங்களில், கால் நரம்புகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகுவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. அந்த உறைவு நகர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், உடல் பருமன் மிக்கோர், முன்பு ஒருமுறை இரத்த உறைவு ஏற்பட்டோர் கூடுதலாகக் கவனம் கொள்ள வேண்டும். பெரம்பலூரிலிருந்து இராமேசுவரம் ஒரே மூச்சில் செல்லும் தொலைவுதான். ஆயினும் ஒரே மூச்சில் செல்லக் கூடாத தொலைவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்கும் பழக்கமுடைய குழுவே இவர்களுக்கு ஏற்றது.

முதியோர் மட்டுமே செல்லும் குழு

இவ்வளவும் கேட்டபின், ‘அப்படியானால் வயதானவர்கள் மட்டும் போகும் டூரிலேயே அனுப்பிவிடுகிறோம்’ என்று குடும்பத்தினர் முடிவு செய்வதுண்டு. வேகம் ஒத்துவரும், பேச்சும் ஒத்துவரும் என்பது உண்மையே. இந்து சமய அறநிலையத் துறை 2022-23ஆம் ஆண்டில் 200 பேருடன் தொடங்கிய இராமேசுவரம்–காசி ஆன்மிகப் பயணத்தில் 60 முதல் 70 வயது வரையுள்ளோரே சேர்க்கப்படுகின்றனர். ஆறுபடை வீடு பயணத்துக்கும் அதே வயது வரம்புதான். உடல் தகுதிக்கான மருத்துவச் சான்று கேட்கப்படுகிறது. துறையின் அலுவலர்கள் உடன் செல்கின்றனர். அங்கே வயது வரம்புக்கு மேலும் கீழும் உள்ளவர்கள் இல்லாத குறையை அந்த ஏற்பாடு நிறைவு செய்கிறது. இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத ஆண்டு வருமானம் உடையோருக்கான இந்தப் பயணத்துக்கு விண்ணப்பிக்க உரியவர்கள் நம் ஊர்களில் பலர் இருக்கிறார்கள். சான்றுக்காக எங்களிடம் வருவோரிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறோம்: நெஞ்சு வலியையோ மூச்சிரைப்பையோ மறைக்காதீர்கள். அந்தச் சான்று உங்களைத் தடுப்பதற்காகக் கேட்கப்படுவதன்று.

தனியார் ஏற்பாட்டில் முதியோர் மட்டுமே செல்லும் குழுக்களைப் பற்றி எங்களுக்கு வேறு எண்ணம் உண்டு. நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் அறுபதைக் கடந்தவர்களாகவும், மீதி இருவர் சமையற்காரரும் ஓட்டுநருமாகவும் இருந்தால், குளியலறையில் வழுக்கி விழுந்த ஒருவரைத் தூக்கப் போகிறவர் யார்? இரவு இரண்டு மணிக்கு மருந்துக்கடை தேடிப் போகிறவர் யார்? வடமாநிலத்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மொழி தெரியாத இடத்தில் படிவம் நிரப்பப் போகிறவர் யார்? ஒருவருக்கொருவர் உதவ மனம் இருக்கும். முதுகும் முழங்காலும் அதற்கு இடம் தர வேண்டுமே.

இரயில் பயணத்தில் இது கண்கூடாகத் தெரியும். நம் இரு மாவட்டங்களுக்கும் இரயில் என்றால் அரியலூர் நிலையம். பெரம்பலூர் நகருக்கு இரயில் பாதையே இல்லை. பெரம்பலூர்க்காரர் அரியலூருக்கோ திருச்சிக்கோ பேருந்தில் சென்றுதான் வண்டி ஏற வேண்டும். ஆகவே அவருடைய பயணம் நோட்டீசில் உள்ள நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. படுக்கை வசதி கொண்ட பெட்டியின் ஒரு தடுப்பில் எட்டுப் படுக்கைகள். அவற்றுள் கீழ்ப் படுக்கை இரண்டு, பக்கவாட்டில் கீழே ஒன்று, ஆக மூன்று. எட்டுப் பேரும் மூட்டுவலிக்காரர்களாக இருந்தால் ஐவர் ஏணியில் ஏறியே தீர வேண்டும். இரவில் கழிப்பறைக்காக இருமுறை இறங்கி ஏற வேண்டும். இடுப்பெலும்பு முறிவுக்கு இதைவிட எளிய வழி இல்லை. மூத்த குடிமக்களுக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு 60 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 45 வயது நிரம்பிய பெண்களுக்கும் உண்டு. ஆனால் ஒரே பயணச்சீட்டில் ஒருவரோ இருவரோ சென்றால்தான் அந்த ஒதுக்கீட்டில் இடம் கேட்க இயலும். ஆறு பேருக்குச் சேர்த்து ஒரே சீட்டு எடுப்போர் இந்த வாய்ப்பை இழக்கின்றனர். எட்டுப் பேரில் ஐவர் இளையோராகவும் நடுவயதினராகவும் இருக்கும் குழுவில் இந்தக் கணக்கு எந்தச் சிக்கலும் இல்லாமல் தீர்ந்துவிடும்.

எனவே நோயுற்ற முதியவர் ஒருவருக்கு எந்தக் குழு ஏற்றது என்று கேட்டால், முதியோர் மூன்றில் ஒரு பங்கு அல்லது பாதி அளவும், நாற்பது முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ளோர் கணிசமாகவும், தூக்கவும் ஓடவும் வல்ல இளையோர் சிலரும் உள்ள குழுவையே நாங்கள் சொல்லுவோம். இது ஆய்வில் கண்ட விகிதம் அன்று. பயணம் முடிந்து வந்தவர்களிடம் கேட்டறிந்ததிலிருந்து நாங்கள் கொண்ட கருத்து. இத்தகைய குழுவைப் பெரும்பாலும் எந்த நிறுவனமும் அமைத்துத் தருவதில்லை. உறவினர் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் பேசினால் தானாக அமைந்துவிடும்.

குழந்தைகள்

பேரப்பிள்ளைகள் உடன் வந்தால் முதியவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சிக்கு ஈடான மருந்து எங்களிடம் இல்லை. குழந்தைகள் உள்ள வண்டி அடிக்கடி நிற்கும். உரிய நேரத்தில் உண்ணும். இரவில் விரைவில் உறங்கும். அதாவது முதியவரின் நாளும் நான்கு வயதுக் குழந்தையின் நாளும் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆகவே கைக்குழந்தைகள் வருகிறார்கள் என்று தயங்க வேண்டியதில்லை.

தொற்று பற்றியே எச்சரிக்கை வேண்டும். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் செல்லும் பிள்ளைகள் சளி, இன்புளுயன்சா, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை எளிதில் பெற்று எளிதில் பரப்புவார்கள். அவர்களுக்கு அது மூன்று நாள் மூக்கொழுகல். மூடிய வண்டிக்குள் அருகில் அமர்ந்த தாத்தாவுக்கு நாட்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் அதுவே நிமோனியாவாக மாறக்கூடும். புற்றுநோய்க்கு கீமோதெரபி பெறுவோர், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோர், ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுங்காலம் உண்போர் ஆகியோர், சிறு பிள்ளைகள் மிகுந்த குழுவில் செல்லுமுன் எங்களைக் கட்டாயம் கலந்து பேச வேண்டும். தொற்று எதிர்த்திசையிலும் செல்லும் என்பதை மறக்கலாகாது. முதியவருக்கு அக்கி கண்டிருந்தால் அந்தக் கொப்புள நீரிலிருந்து, இன்னும் சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத குழந்தைக்குச் சின்னம்மை வரக்கூடும். கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு கட்டும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கப்பலில் செல்வோருக்கு

கடல் கடந்து கடாரம் வரை கப்பற்படை அனுப்பிய இராசேந்திர சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. எனினும் நம்மில் பலருக்குக் கடற்பயணம் என்பது அண்மைக் காலம் வரை படத்தில் பார்க்கும் ஒன்றாகவே இருந்தது. 2022 சூன் மாதம் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரெஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது முதல், “கப்பல்ல ரெண்டு நாள் போயிட்டு வரலாங்களா?” என்ற கேள்வியும் எங்களிடம் வரத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் நம் ஊர்ப் பிள்ளைகள், பெற்றோரை வரவழைத்துக் கப்பலில் அழைத்துச் செல்ல விரும்புவதும் உண்டு. செலவு மிக்க பயணம் இது. நாள் தேர்வில் பிழை நேர்ந்தால் பெற்றோர் அறையை விட்டு வெளியே வராமலேயே திரும்புவர்.

கப்பலில் உடன் வரும் ஆயிரம் பேரை நாம் தேர்ந்தெடுக்க இயலாது. ஆனால் நாளைத் தேர்ந்தெடுத்தால் வயதையும் ஓரளவு தேர்ந்தெடுத்ததாகும். பள்ளி விடுமுறையில் கப்பல் முழுவதும் குழந்தைகள். வார இறுதியில் ஓரிரு இரவுகளுக்கான பயணங்களில் இளைஞர்களும் அலுவலக நண்பர் குழுக்களும் மிகுதி. மேல்தளத்தில் நள்ளிரவைத் தாண்டியும் இசை ஒலிக்கும். பள்ளி நடக்கும் மாதங்களில் ஐந்து நாள், ஒரு வாரம் என்று செல்லும் நெடும்பயணங்களில் ஓய்வு பெற்றோர் கூடுதலாக இருப்பர், ஏனெனில் அவ்வளவு நாள் விடுப்பு அவர்களுக்கே இருக்கும். வெளிநாடுகளில் இதை நிறுவனங்களே பிரித்து வைத்துள்ளன. பிரித்தானியாவின் சாகா நிறுவனக் கப்பல்கள் 50 வயது நிரம்பியோருக்கு உரியவை; பி அண்டு ஓ நிறுவனத்தின் ஆர்கேடியா, அரோரா ஆகிய கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு இடமில்லை; டிஸ்னி கப்பல்களோ குழந்தைகளை முன்னிட்டே இயங்குகின்றன. பல நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுக்களையும், 24 வாரத்தை எட்டிய கருவுற்ற பெண்களையும் ஏற்பதில்லை. மகளின் பேறுகாலத்தை ஒட்டிக் குடும்பப் பயணம் திட்டமிடுவோர் இதை முதலிலேயே கேட்டறிய வேண்டும்.

ஒத்த வயதினர் கூடியிருப்பது எப்போதும் பாதுகாப்பு ஆகாது என்பதற்குக் கப்பலிலேயே ஒரு சான்று உண்டு. 2020 பிப்ரவரியில் சப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் தனிமைப்படுத்தப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர் இருந்தனர். அவர்களுள் 138 பேர் இந்தியர், பெரும்பாலும் கப்பல் ஊழியர். பயணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் அறுபதைக் கடந்தவர்கள். 712 பேருக்குக் கொரோனா தொற்று உறுதியாயிற்று. இறந்தவர்கள் முதியவர்களே. மூடிய இடத்தில் ஒரே வகையான நலிவு உடையோர் பலர் சேர்ந்திருந்தால் ஒரு தொற்று எவ்வளவு பேரைச் சாய்க்கும் என்பதை உலகம் அன்று கண்டது. கொரோனா தணிந்த பின்னும் நோரோ வைரசு என்னும் வாந்தி–வயிற்றுப்போக்குக் கிருமி கப்பல்களில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. கைக்குப் பூசும் சானிடைசர் அதற்குப் போதாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும்.

கடல்மயக்கமும் வயதைப் பார்க்கும். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளையே அது அதிகம் வருத்தும்; வயது ஏற ஏறக் குறையும். எனவே பாட்டிக்கு வராது, பேத்திக்கு வரும். இதை அறியாமல் முன்னெச்சரிக்கையாகப் பாட்டிக்கும் ஒரு வாந்தி மாத்திரையைத் தந்துவிடுகிறார்கள். அந்த வகை மாத்திரைகள் பல, முதியோருக்கு மிகுந்த தூக்கத்தையும் மனக் குழப்பத்தையும், புரோஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும். 2023 அக்டோபரில் தொடங்கப்பட்ட நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் யாழ்ப்பாணம் சென்று வர எண்ணுவோருக்கும் இதே அறிவுரைதான்.

பெரிய உல்லாசக் கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் இருப்பார்கள். இதய வரைபடம் எடுப்பார்கள், குளுக்கோசு ஏற்றுவார்கள். மாரடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி அங்கே செய்ய இயலாது. கரை சேரும்வரை தாங்கச் செய்வதே அவர்களின் வேலை. நடுக்கடலில் 108 வராது.

வயது என்பது எண் மட்டும் அன்று

இவ்வளவு நேரம் வயதைப் பற்றியே பேசினோம். ஆயினும் பருத்திக் காட்டிலும் வெங்காய வயலிலும் இன்றும் உழைக்கும் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர், நாற்பத்தைந்து வயது அலுவலகப் பணியாளரை நடையில் முந்திவிடுவார் என்பது இங்குள்ள அனைவரும் அறிந்ததே. அரசும் அமைப்புகளும் ஓர் எல்லைக்கோடு போட்டே ஆக வேண்டும். அமர்நாத் யாத்திரைக்கு 13 வயதுக்குக் குறைந்தோரும் 70 வயதைக் கடந்தோரும் ஏற்கப்படுவதில்லை. கைலாச மானசரோவர் யாத்திரைக்கு 18 முதல் 70 வயது வரை என்பதுடன், உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 25ஐத் தாண்டக் கூடாது என்ற விதியும் உண்டு. குடும்பத்தில் அத்தகைய கோடு தேவையில்லை. வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஓர் அளவுகோலைச் சொல்கிறோம்: இரண்டு மாடிப் படிகளை இடையில் நிற்காமல், நெஞ்சு இறுக்கமோ கடும் மூச்சிரைப்போ இல்லாமல் ஏற இயலுகிறதா? இயலுமெனில் பெரும்பாலான கோயில் பயணங்களுக்கு அது போதும். மாரடைப்பு வந்தவர்களும் ஸ்டென்ட் பொருத்தியவர்களும் இதைத் தாங்களாகச் சோதித்துப் பார்க்க வேண்டாம், எங்களிடம் வாருங்கள்.

தலத்தையும் அதற்கேற்பப் பொருத்திக்கொள்ளலாம். ஆறுபடை வீடுகளுள் சுவாமிமலைக்கு 60 படிகள், திருத்தணிக்கு 365 படிகள். பழனியில் இழுவை இரயிலும் ரோப் காரும் இருக்கின்றன. ஆனால் திருவிழா நாளில் அவற்றுக்கான வரிசையே ஒரு மலையேற்றம் போன்றது. இளையோர் மிகுந்த குழுவில் முதியவர் ஒருவருக்கு எழும் உண்மையான இடர் இங்குதான். ‘நீங்க கீழேயே உக்காந்திருங்க’ என்று சொல்லிவிட்டு அனைவரும் மேலே சென்றுவிடுவார்கள். வெயிலில், கூட்டத்தில், கைப்பேசி இன்றி மூன்று மணி நேரம் காத்திருக்கும் நிலை. மறதி நோய் தொடங்கிய ஒருவரை அவ்வாறு தனியே அமர்த்திச் செல்வது எந்தக் காரணத்தாலும் தகாது. புதிய இடமும் இரவும் அவர்களின் குழப்பத்தைப் பன்மடங்காக்கும். அவர்களுக்கு நன்கு பழகிய முகம் ஒன்று எந்நேரமும் அருகில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் குழுவில் இல்லையெனில், சிறுவாச்சூருக்கோ கல்லங்குறிச்சிக்கோ ஏலாக்குறிச்சிக்கோ குடும்பமாகச் சென்று மாலைக்குள் வீடு திரும்புவதே மேல்.

ஆகவே முன்பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களுள் அறுபத்தைந்தைக் கடந்தவர் எத்தனை பேர், பத்து வயதுக்குக் குறைந்தவர் எத்தனை பேர்? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்கும்? காலை உணவு தரிசனத்துக்கு முன்பா, பின்பா? தங்கும் இடம் தரைத்தளமா, மேற்கத்திய கழிப்பறை உண்டா? ‘அதெல்லாம் பாத்துக்கலாம்’ என்ற பதில் வந்தால், அதையும் ஒரு தகவலாகக் கொள்ளுங்கள். நல்ல ஏற்பாட்டாளர் உங்கள் தாயின் வயதையும் நோயையும் அவராகவே கேட்பார்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் செல்லும் ஊரில் எந்த நாளில் எந்த மையத்தில் இடம் உண்டு என்பதை உறுதி செய்யாமல் புறப்படலாகாது. இரு முறைகளுக்கு இடைப்பட்ட நாட்களில் சென்று திரும்பும் பயணமே எளிது. இன்சுலின் பயன்படுத்துவோர் அதைப் பேருந்தின் அடிப்பகுதியில் வைக்கும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். வெயில் படும் சன்னலோரமும் ஆகாது, பனிக்கட்டியில் நேரடியாகப் புதைப்பதும் ஆகாது. மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் நான்கு நாட்களுக்குக் கூடுதலாக எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். நோயின் பெயர், மருந்துகளின் பெயர், ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவை எழுதிய தாள் ஒன்று நோயாளியின் சட்டைப்பையிலோ முந்தானை முடிச்சிலோ இருக்கட்டும். அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவரிடமும் அதன் படி ஒன்றைத் தரலாம்; தயங்க வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது அந்த நோட்டீசையும், தெரிந்தவரை உடன் வருவோரின் வயதுகளையும் குறித்து எடுத்து வாருங்கள். புறப்படும் நாளுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பேனும் வருவது நல்லது. இன்புளுயன்சா தடுப்பூசி தேவைப்பட்டால் அது பயன்தரத் தொடங்க இரண்டு வாரங்கள் ஆகும். மருந்தின் நேரத்தை மாற்ற வேண்டியிருந்தால், வீட்டில் இருக்கும்போதே ஒரு வாரம் பழகிப் பார்க்கவும் காலம் கிடைக்கும்.